பழைய பிளான்டர்: வயலில் தெரியும் அறிகுறி, இரும்பில் இருக்கும் காரணம்

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். செடி வராத இடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, மண்ணை மெல்ல வழித்து, உள்ளே விதை இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். பழைய பிளான்டர், அதாவது டிராக்டரோடு இணைத்து ஓட்டும் விதைப்பு இயந்திரம், பற்றி யார் என்ன கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். விதையே இல்லை என்றால் கோளாறு மேலே இருக்கிறது: விதைப்பெட்டி, விதையை ஒவ்வொன்றாக எடுத்துவிடும் மீட்டர், அதை ஓட்டும் செயின், விதை இறங்கும் குழாய். விதை இருக்கிறது, முளைக்கவில்லை அல்லது தாமதமாக முளைக்கிறது என்றால் கோளாறு கீழே: சால் போடும் வட்டத் தகடான டிஸ்க், ஆழச் சக்கரம், மூடும் சக்கரம். இதைப் பார்க்காமல் நேராக மீட்டரைப் பிரித்துப் போட்டு இரண்டு நாளைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

நான் இருப்பது அமெரிக்காவில், மத்திய இலினாயில். 14 ஏக்கர், பெரும்பாலும் மக்காச்சோளம், கொஞ்சம் சோயா, ரோட்டோரம் விற்க இனிப்புச் சோளம். சுற்றியிருக்கும் பெரிய பண்ணைகளில் 16 வரிசை, 24 வரிசை இயந்திரங்கள் ஓடுகின்றன. அவர்கள் வளர்ந்து விட்டுவிட்டுப் போன 2 வரிசை, 4 வரிசை பிளான்டர்கள் கொட்டகை ஓரத்திலும் மார்ச் மாத ஏலங்களிலும் கிடைக்கும். நம்மைப் போன்ற சின்னப் பண்ணைக்கு அதுதான் அளவு. நான் வாங்கியது 4 வரிசை ஜான் டீர் 7000. 1970களின் நடுவில் வந்த மாடல். இந்த மாடலை நான் சிபாரிசு செய்வதற்கு ஒரே காரணம், தேய்கிற பாகம் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. கின்ஸி நிறுவனத்தின் ஆரம்பகால பிளான்டர்களும் இதே ரோ யூனிட்டை, அதாவது ஒரு வரிசைக்கு விதை போடும் முழு அமைப்பை, வைத்துத்தான் ஓடின, அதனால் ஒன்றின் பாகம் பலவற்றில் மற்றதற்குப் பொருந்தும். 7100 என்றால் அது டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பில் தொங்கும் வகை; யூனிட் அதேதான். சின்ன டிராக்டரில் அதைத் தூக்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும், முன்னால் எடை வைக்க வேண்டியிருக்கும்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் வயலில் என்ன பார்ப்பது என்பதோடு, வாங்கும் இடத்திலேயே அதை எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்கிறேன். ஏல மைதானத்தில் யாரும் உங்களை விதை போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் கையால் ஆட்டிப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது.

ஒரு வரிசை முழுக்க மொட்டை

இதுதான் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சரி செய்ய மிகச் சுலபம். தோண்டிப் பார்த்தால் விதையே இருக்காது. முதலில் அந்த யூனிட்டின் செயின் அதன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து விதைப்பெட்டி தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி அரை அங்குலம் தூக்கி நின்றாலும் மீட்டருக்கும் அதை ஓட்டும் பகுதிக்கும் பிடிப்பு விட்டுப்போகும். இரண்டும் சரி என்றால் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கொட்டகையில் பல வருஷம் நின்ற பிளான்டர் என்றால் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது மிகவும் சகஜம். மீட்டருக்குள் எலி பஞ்சும் வைக்கோலும் சேர்த்துக் குட்டி போட்டிருக்கும். நான் வாங்கிய முதல் வருஷம் மூன்றாவது வரிசை விதை போடவே இல்லை, காரணம் இந்த எலிக்கூடுதான். பெட்டியில் விதை குறையவே இல்லை என்பதை அரை ஏக்கர் போன பிறகுதான் கவனித்தேன். இப்போது ஒவ்வொரு சுற்று முடிவிலும் நான்கு பெட்டியின் மூடியையும் திறந்து, விதை ஒரே மட்டத்தில் இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.

நான்கு வரிசையும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் யூனிட்டுகளைத் தொடவே வேண்டாம், சக்கரத்திலிருந்து வரும் முதன்மைச் செயினையும் அது சுற்றும் தண்டையும் பாருங்கள்.

நடுநடுவே இடைவெளி, நடுநடுவே இரட்டை

தோண்டினால் இடைவெளியில் விதை இல்லை, இரட்டை இருக்கும் இடத்தில் இரண்டு விதையும் ஒட்டி ஒட்டிக் கிடக்கின்றன. இது மீட்டர் விஷயம். பெட்டியின் அடியில் இருக்கும் ஃபிங்கர் மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு தானாகவே விளங்கும். அதில் 12 விரல்கள். ஒவ்வொரு விரலும் ஸ்பிரிங் இழுப்பில் மூடி, விதையைத் தகட்டோடு அழுத்திப் பிடித்து மேலே கொண்டுபோகும். போகிற வழியில் தகட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும், அந்த இடத்தில் விரல் குலுங்கி, கூடுதலாகப் பிடித்த விதை கீழே உதிரும். அதற்கும் தப்பியதை பிரஷ் தட்டிவிடும். உச்சியில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக விதை பின்பக்கம் இருக்கும் ரப்பர் பெல்ட்டுக்குப் போகிறது, பெல்ட்டின் தடுப்புகள் ஒவ்வொன்றாக அதைக் குழாய்க்குள் விடுகின்றன. இவ்வளவுதான். மின்சாரம் இல்லை, காற்று இல்லை.

ஆக, இரட்டை விழுந்தால் பிரஷைப் பாருங்கள். முடி தேய்ந்து வளைந்திருந்தால் புதிது போடுங்கள், இந்த இயந்திரத்தில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய வித்தியாசம் தருவது அந்த பிரஷ்தான். அடுத்து தகட்டின் பள்ளங்கள். அவை வழவழவென்று தேய்ந்துபோயிருந்தால் விரல் குலுங்காது, இரண்டு விதையும் பத்திரமாக மேலே போய்விடும். இடைவெளி விழுந்தால் விரல்களைப் பாருங்கள்: ஏதாவது ஒன்று உடைந்திருக்கும், ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது துருவும் விதைமருந்துப் பொடியும் சேர்ந்து விரல் முழுதாக மூடாமல் நிற்கும். 12இல் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் வயலில் ஒழுங்கான கணக்கில், அதாவது ஒவ்வொரு 12ஆவது செடியும் காணாமல் போயிருக்கும். இடைவெளி இப்படிச் சீராகத் திரும்பத் திரும்ப வருகிறதா, அல்லது தாறுமாறாக வருகிறதா என்பதே பெரிய துப்பு. சீராக வந்தால் ஒரு விரல்; தாறுமாறாக வந்தால் ஸ்பிரிங் எல்லாம் தளர்ந்துவிட்டது அல்லது விதையின் அளவு பொருந்தவில்லை.

பெல்ட்டை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதைத் தலைகீழ்த் திசையிலும் மாட்ட முடியும், மாட்டினால் மீட்டர் சுற்றும், விதையும் விழும், ஆனால் விதை விழும் நேரம் கெட்டுப்போகும். தடுப்புகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கூட்டின் மேலேயே படம் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள்.

விதையோடு கிராஃபைட் பொடி கலப்பதை மறக்காதீர்கள். ஒரு பெட்டிக்கு ஒரு கரண்டி அளவு போதும். அது இல்லாமல் ஓட்டினால் மருந்து பூசிய விதை விரலுக்கும் தகட்டுக்கும் இடையில் பிசுபிசுக்கும், தேய்மானமும் அதிகம். இனிப்புச் சோளம் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அதிக இனிப்புள்ள ரகங்களின் விதை சுருங்கி, லேசாக, ஒன்றுபோல் இல்லாமல் இருக்கும். சாதாரண மக்காச்சோளத்துக்கு அழகாக ஓடும் மீட்டர் இதில் தடுமாறினால் மீட்டரைக் குறை சொல்லாதீர்கள், வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

வாங்கும் இடத்தில் மீட்டரைப் பெட்டியிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். கையால் சுற்றுங்கள், ஒவ்வொரு விரலும் திறந்து பட்டென்று மூட வேண்டும். சோயாவும் போடும் எண்ணம் இருந்தால் சோயாவுக்கான கப் மீட்டர்கள் கூட வருகின்றனவா என்று கேளுங்கள், ஃபிங்கர் மீட்டரில் சோயா போகாது. நான்கு யூனிட்டுக்கும் அவற்றைத் தனியாகத் தேடி வாங்குவது வீண் அலைச்சல்.

எண்ணிக்கை சரி, இடைவெளி மட்டும் ஒழுங்கில்லை

100 விதை விழ வேண்டிய இடத்தில் 100 விழுந்திருக்கிறது, ஆனால் இங்கே மூன்று அங்குலம், அங்கே பத்து அங்குலம். மீட்டரை வெளியே எடுத்துச் சோதித்தால் குற்றம் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் விதை மீட்டரை விட்டு ஒழுங்காகத்தான் கிளம்புகிறது, வழியில்தான் குழம்புகிறது.

முதல் சந்தேகம் செயின். இறுகிப்போன ஒரே ஒரு கண்ணி போதும், ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் ஒவ்வொரு முறையும் அது இழுத்துத் துள்ளும், மீட்டர் விட்டு விட்டுச் சுற்றும். செயினைக் கழற்றித் தரையில் போட்டு, பாம்பு மாதிரி வளைத்துப் பாருங்கள், வளையாமல் விறைத்து நிற்கும் கண்ணிகள் கண்ணில் படும். எண்ணெயில் ஊறப்போட்டுச் சரி செய்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள், செயின் விலை பெரிதல்ல, புதிது போடுங்கள். கூடவே செயினை அழுத்தும் சின்ன ஐட்லரும் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, குழாய். உள்ளே சொரசொரப்பு இருந்தால், கீழ் நுனி சப்பையாகிப் போயிருந்தால், அல்லது டிஸ்க் உரசிப் பக்கவாட்டில் ஓட்டை விழுந்திருந்தால் விதை அங்கங்கே மோதித் தாமதமாகும். டிஸ்க் ஏன் குழாயை உரசுகிறது என்று கேட்க வேண்டும். இரண்டு டிஸ்குகளுக்கும் நடுவில் குழாயைக் காக்க ஓர் இரும்புத் தடுப்பு இருக்கிறது. புதிதில் அதன் அகலம் 7/8 அங்குலம், 5/8க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அது தேய்ந்தபின் டிஸ்குகள் உள்பக்கம் வளைந்து குழாயை அறுக்க ஆரம்பிக்கும். குழாயை மட்டும் மாற்றிவிட்டுத் தடுப்பை விட்டுவிட்டால் அடுத்த வருஷமும் குழாய் வாங்க வேண்டியதுதான்.

மூன்றாவது, யூனிட்டே துள்ளுவது. ரோ யூனிட்டைச் சட்டத்தோடு இணைக்கும் நான்கு இரும்புக் கைகளில் போல்ட்டும் அதைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ்ஷும் தேய்ந்திருந்தால் கல்லிலும் கட்டியிலும் யூனிட் ஆடும், அந்த ஆட்டத்தில் விதையும் முன்னே பின்னே விழும். வாங்கும் இடத்தில் இதுதான் நான் முதலில் செய்யும் சோதனை: பிளான்டரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, யூனிட்டின் பின்னால் நின்று, மூடும் சக்கரங்களின் பக்கத்தில் பிடித்து இடமும் வலமும் மேலும் கீழும் ஆட்டுங்கள். லேசாக அசைந்தால் சகஜம். கடகடவென்று ஆடினால் நான்கு யூனிட்டுக்கும் புஷ் செலவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புஷ் மாற்றுவது ஒரு நாள் வேலை, பயப்படத் தேவையில்லை. ஆனால் கையிலேயே துளை நீள்வட்டமாகிவிட்டதா என்று பாருங்கள், அது வேறு செலவு.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரத்தை மணிக்கு 5 மைலுக்கு மேல் ஓட்டாதீர்கள். மேலே சொன்ன எல்லாக் கோளாறும் 6 மைலில் இரட்டிப்பாகத் தெரியும்.

எண்ணிக்கையே கூடுதல் அல்லது குறைவு

எப்படிக் கணக்கிடுவது என்று முதலில் சொல்கிறேன். வரிசை இடைவெளி 30 அங்குலம் என்றால் 17 அடி 5 அங்குல நீளம் என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நீளத்தில் எண்ணிய செடிகளை ஆயிரத்தால் பெருக்குங்கள், 32 இருந்தால் ஏக்கருக்கு 32,000. அப்போது விதைக்கு விதை ஆறரை அங்குலம் வரும். 36 அங்குல வரிசை என்றால் 14 அடி 6 அங்குலமும், 38 என்றால் 13 அடி 9 அங்குலமும் அளக்க வேண்டும்.

கணக்கு உதைத்தால் எல்லோரும் எந்த ஸ்ப்ராக்கெட்டுக்கு எத்தனை விதை என்ற அட்டவணையைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். படிக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். மீட்டரை ஓட்டுவது தரையில் உருளும் டயர். காற்று குறைந்தால் அதன் உருளும் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்கு அது அதிகம் சுற்றும், விதை அதிகமாக விழும். முந்தைய உரிமையாளர் வேறு அளவு டயர் மாட்டியிருந்தாலும் இதே கதைதான், அட்டவணை எந்த டயருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். எண்ணிக்கை குறைகிறது என்றால் புழுதியில் டயர் சுற்றாமல் இழுபடுகிறதா என்று பின்னால் நடந்துபோய்ப் பாருங்கள்.

விதை இருக்கிறது, ஆனால் முளைப்பு முன்னும் பின்னும்

என் அனுபவத்தில் விளைச்சலை அதிகம் தின்பது இதுதான், ஆனால் கோடையில் ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. மே மாதம் ஒரு செடி மூன்று இலை விட்டிருக்கும், பக்கத்துச் செடி அப்போதுதான் மண்ணைக் கீறிக்கொண்டு வரும். பின்னால் வந்தது கடைசிவரை பக்கத்துச் செடியின் நிழலில்தான் நிற்கும், தண்ணீரும் சத்தும் இழுத்துக்கொள்ளும், கதிர் மட்டும் சரியாக வைக்காது. கிட்டத்தட்டக் களை மாதிரி.

கத்தியால் தோண்டி ஒவ்வொரு விதையும் எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதுங்கள். மக்காச்சோளத்துக்கு நான் இரண்டு அங்குலம் வைக்கிறேன். ஆழம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையவே கூடாது, குறைந்தால் முளைத்தாலும் வேர் சரியாக ஊன்றாது. ஒரே வரிசையில் ஒரு விதை ஒன்றேகால், அடுத்தது இரண்டேகால் என்று கிடந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

டிஸ்குகள் முதலில். சால் போடும் இரண்டு டிஸ்குகளும் முன்பக்கம் கீழே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓட வேண்டும், அப்போதுதான் சால் கூர்மையான V வடிவில் விழும். தேய்ந்து தொடாமல் போய்விட்டால் நடுவில் ஒரு மண் முகடு நிற்கும், சால் W மாதிரி ஆகும், சில விதை முகட்டின் மேல் உட்காரும், சில பக்கத்துப் பள்ளத்தில் விழும். சோதிக்க இரண்டு விசிட்டிங் கார்டு போதும். ஒன்றை டிஸ்குகளுக்கு நடுவே மேலிருந்து கீழே தள்ளுங்கள், நிற்கும். இன்னொன்றைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள், அதுவும் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் டிஸ்குகள் தொடும் பகுதி. ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வரை இருந்தால் நல்லது. இரண்டு கார்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் தொடவே இல்லை என்று அர்த்தம். டிஸ்கின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட்டால் டிஸ்குகள் நெருங்கிவரும். ஆனால் விட்டத்தையும் அளந்துவிடுங்கள்: புதிது 15 அங்குலம், பதினான்கரைக்குக் கீழே போனதை வாஷர் போட்டுக் காப்பாற்ற முயலாதீர்கள். கழற்றும்போது ஓர் எச்சரிக்கை, இடதுபக்க டிஸ்கின் போல்ட்டுக்கு இடதுமரை. தெரியாமல் நீளக் குழாய் போட்டு வழக்கமான திசையில் இழுத்தால் மரை போய்விடும், மரை போனால் டிஸ்கைத் தாங்கும் இரும்புக் காலையே மாற்ற வேண்டும்.

அடுத்து ஆழச் சக்கரங்கள், இங்கே கேஜ் வீல் என்பார்கள். டிஸ்கின் இரண்டு பக்கமும் ஓடும் ரப்பர் சக்கரங்கள். அவற்றின் உள் விளிம்பு டிஸ்கை லேசாகத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் உலர்ந்த மேல்மண் விதைக்கு முன்னால் சாலுக்குள் சரிந்துவிடும், விதை அதன்மேல் உட்காரும். கையில் சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஆடினால் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் புஷ் போய்விட்டது, ஆடாமல் வெறும் இடைவெளி மட்டும் என்றால் வாஷரை மாற்றிப் போட்டாலே சரியாகிவிடும்.

மூன்றாவது, அழுத்தம். விதைக்கும்போது டிராக்டரை நிறுத்தி, பிளான்டரைத் தூக்காமல் அப்படியே விட்டு இறங்கிப் போங்கள். கேஜ் வீலைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் பலம் கொடுத்தால் சறுக்கிச் சுற்ற வேண்டும். பலமே இல்லாமல் தாராளமாகச் சுற்றினால் யூனிட் மிதக்கிறது, ஸ்பிரிங்கைக் கூட்டுங்கள். அசையவே இல்லை என்றால் அழுத்தம் அதிகம், ஈரமான மண்ணில் சாலின் சுவர் இறுகிவிடும்.

இதையெல்லாம் செய்துவிட்டுச் சட்டம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான். பிளான்டர் வேலை செய்யும் நிலையில் தரையில் இறங்கியிருக்கும்போது சட்டத்தின் மேல் ரசமட்டம் வையுங்கள். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் டிஸ்க் ஓடும் கோணமும் மூடும் சக்கரத்தின் அழுத்தமும் சேர்ந்தே மாறிவிடும். இணைப்புக் கொக்கியின் உயரத்தை மாற்றிச் சரி செய்யலாம், செலவே இல்லை.

சால் மூடவில்லை, அல்லது மூடியது வெயிலில் பிளந்துகொள்கிறது

ஊரில் என் அம்மா ஏர் பின்னால் நடந்து சாலில் விதை போட்டுக்கொண்டே காலால் மண்ணைத் தள்ளி மூடி ஒரு மிதி மிதிப்பார். யூனிட்டின் கடைசியில் V மாதிரி சாய்ந்து ஓடும் இரண்டு சக்கரங்களும் செய்வது அந்தக் காலின் வேலைதான்: பக்கத்து மண்ணைக் கிள்ளி விதையோடு ஒட்டவைப்பது. அந்தக் கால் சாலின்மேல் நேராகப் படவில்லை என்றால் பயனில்லை. பின்கையின் புஷ் தேய்ந்தால் சக்கரங்கள் ஒரு பக்கம் விலகிவிடும், ஒரு சக்கரம் சாலின்மேலேயே ஓடும், மற்றது வெறும் தரையில். சிமெண்டுத் தரையில் பிளான்டரை இறக்கி நாலடி இழுத்துப் பாருங்கள். டிஸ்குகள் கீறிய கோடு இரண்டு மூடும் சக்கரங்களுக்கும் சரி நடுவில் வர வேண்டும். வாங்கும் இடத்தில் சிமெண்டுத் தரை இருந்தால் இதைக் கட்டாயம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சக்கரம் நடுவில்தான் இருக்கிறது, ஆனாலும் மூடிய சால் ஒரு வாரத்தில் பிளக்கிறது என்றால் இயந்திரத்தில் தப்பில்லை, அவசரத்தில்தான் தப்பு. இங்கே இருக்கும் டிரம்மர் வகைக் கருமண் நம்மூர்க் கரிசலை நினைவுபடுத்தும். ஈரத்தோடு ஓட்டினால் டிஸ்க் சுவரைச் சாந்து பூசினமாதிரி வழித்துவிடும், காய்ந்ததும் பிளக்கும். இரண்டு அங்குல ஆழத்து மண்ணை உருட்டிப் பாருங்கள், உருண்டை உதிராமல் நின்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

பிளேட் வகை, காற்று வகை

இன்னும் பழைய, பெட்டியின் அடியில் வட்டத் தகடு சுற்றும் பிளேட் பிளான்டர்கள், ஜான் டீர் 494ஏ, இன்டர்நேஷனல் 56 போன்றவை, மலிவாகவே கிடைக்கின்றன. சொந்த விதை எடுத்து நாட்டு ரகம் போடுகிறவர்களுக்கு அவை நல்லவை. அதில் இரட்டையோ இடைவெளியோ வந்தால் 10க்கு 9 தடவை தகட்டின் குழிக்கும் விதையின் அளவுக்கும் பொருத்தமில்லை. விதையைக் குழியில் போட்டுத் தகட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஒன்று தாராளமாக உட்கார்ந்து தானாக விழ வேண்டும், இரண்டு நுழையக் கூடாது. பழைய காலத்தில் விதையைத் தட்டை, உருண்டை என்று சலித்து அளவு போட்டு விற்றார்கள். இன்று அப்படிச் சலித்து வருவது அரிது, அதனால் நீங்களே சல்லடை போட வேண்டியிருக்கும்.

இன்டர்நேஷனலின் சைக்ளோ என்பது காற்று வகை. ஒரே உருளை, அதிலிருந்து எல்லா வரிசைக்கும் நீளக் குழாய். எல்லா வரிசையும் சேர்ந்து தடுமாறினால் காற்றழுத்தம், ஒரு வரிசை மட்டும் என்றால் அந்தக் குழாய். சொல்லப்போனால் சின்னப் பண்ணைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், ரப்பர் உறைகளில் கொஞ்சம் காற்று கசிந்தாலும் எல்லாம் கெடும்.

பார்த்ததும் விட்டுவிட வேண்டியவை

மேலே சொன்ன செயின், பிரஷ், புஷ், டிஸ்க் எல்லாம் தேயத்தான் செய்யும், அவற்றைக் காட்டி விலையைக் குறையுங்கள், வாங்கத் தயங்காதீர்கள். நான் நடையைக் கட்டுவது சிலவற்றுக்குத்தான். பிரதானச் சட்டத்தில் வெல்டிங் வைத்த இடம், குறிப்பாக இணைப்புக் கொக்கி சட்டத்தைச் சேரும் இடம். பேரிங் சிக்கி டிஸ்கின் காலையே தின்றிருப்பது. புதுப் பெயின்ட் அடித்து மரையெல்லாம் மூடியிருப்பது. பெயின்டுக்குச் செலவழித்தவர் புஷ்ஷுக்குச் செலவழித்தாரா என்று கேளுங்கள். அப்புறம் வரிசை இடைவெளி. பழையவை பல 36, 38 அங்குலத்தில் நிற்கும். யு போல்ட்டைத் தளர்த்தி யூனிட்டை நகர்த்தலாம்தான், ஆனால் எல்லாச் சட்டத்திலும் 30க்குக் கொண்டுவர முடியாது, நடுவில் சக்கரம் குறுக்கே நிற்கும். உங்கள் களைக்கலப்பையும் அறுவடை இயந்திரமும் எந்த இடைவெளிக்கு இருக்கிறதோ அதற்குத்தான் பிளான்டர் வாங்க வேண்டும்.

யூனிட்டின் அடியில் குனிவதற்கு முன் ஹைட்ராலிக் சிலிண்டரின் பூட்டைப் போடுங்கள். பூட்டு தொலைந்துபோயிருந்தால் முதலில் அதை வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்; ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். விதைப்பெட்டியின் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருந்தால் அது பூச்சிக்கொல்லிக் குருணைக்கானது. டெர்புஃபாஸ், கார்போஃபியூரான் மாதிரி கடும் நஞ்சுகளை அதில் போட்டு ஓட்டிய காலம் உண்டு, எச்சம் இன்னும் ஒட்டியிருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், காற்று அடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். எனக்கு அந்தப் பெட்டி தேவைப்படவில்லை, கழற்றி எடுத்துவிட்டேன்.

விதைப்பு முடிந்ததும் பெட்டியில் மிச்சம் இருக்கும் விதையைக் கொட்டி, மீட்டர்களைக் கழற்றித் துடைத்து, எலி நுழையாத இரும்பு டப்பாவில் மூடி வையுங்கள். குழாயின் வாய்களில் பழைய துணியைத் திணியுங்கள். எந்தத் துணியும் உள்ளே தங்கிவிடாமலிருக்க, எத்தனை திணித்தீர்கள் என்று பெட்டி மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதிவையுங்கள்.